வேற்றுலகத்தார் (தமிழ்க் கதைமரபில்)

மண்ணுலகுக்கு வெளியே வாழ்வதாகக் கதைகள் கற்பித்த இனத்தார். தமிழ்த் திரையில் இவர்கள் தலைகாட்டியது 1963 ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’யில். ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படத்தில் எம்.ஜி.ஆர்., பி. பானுமதி, எம்.என். நம்பியார் நடித்தனர். விஞ்ஞானத்தில் தேர்ந்த ஒரு கிரகத்தில் கலை மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பறக்கும் தட்டில் வந்து பூமியின் பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ தொடர் தொடங்கியதும், தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பரில்தான்.

‘கலை அரசி’ மேல்நாட்டு இரவல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பறக்கும் தட்டு இரவல்தான். வந்தவர்களின் நோக்கம் அப்படியல்ல. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் படைத்த செவ்வாய்வாசிகள் பூமியையே பிடிக்க வந்தவர்கள். ‘கலை அரசி’யின் கிரகத்தாருக்கு நிலம் வேண்டாம், பாட்டுதான் வேண்டும். பெண்ணைக் கவர்ந்து செல்லும் வேற்றினத்தான், அவளை மீட்கப் போகும் நாயகன் என்ற கட்டு இராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதே அல்ல. அரக்கர் கதையின் சட்டகத்தில் விண்கலம் வந்து இறங்கியது என்பதே சரியான கணிப்பு.

ஆனால் ஒரு படம் இனத்தை உண்டாக்கிவிடாது என்ற மறுப்புக்கு வலு உண்டு. ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கிளிங்கான்கள் 1967இல் வெறும் பகைவர்களாக வந்தார்கள். 1979 படத்தில் நெற்றி மேடு முளைத்தது. மார்க் ஓக்ரண்ட் அவர்களுக்கு ஒரு மொழியையே செய்து, 1985இல் அகராதியும் வெளியிட்டார். 1987இல் வார்ஃப் என்ற கிளிங்கான் நாயகர்களின் கப்பலிலேயே அதிகாரியாக நின்றான். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால்தான் பகைவன் பங்காளியானான். தமிழ்த் திரையில் அந்தத் தொடர்ச்சி இல்லை. 2024 ஜனவரியில் ஆர். ரவிக்குமாரின் ‘அயலான்’ வந்தபோது, அதில் இறங்கிய வேற்றுலகத்தான் டாட்டூ, ‘கலை அரசி’யின் கிரகத்தாருக்கு எவ்வகையிலும் உறவில்லாதவன்.

தொடர்ச்சியைத் தேடுவோர் திரையை விட்டுத் தர்மபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களுக்குப் போக வேண்டும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் கூத்து விடியும்வரை நடக்கும். கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் படுகளம். இந்த நெடுங்கதையில் அரக்கர் இனத்துக்குத் தனி வரலாறே உண்டு. இடிம்பனை வீமன் கொல்கிறான். அவன் தங்கை இடிம்பியையே குந்தியின் சொல்லால் மணக்கிறான். அவர்கள் மகன் கடோற்கசன் பாண்டவர் பக்கம் நின்று, அருச்சுனனுக்கென்று வைத்திருந்த கர்ணனின் வேலைத் தன் மார்பில் வாங்கிச் சாகிறான். வார்ஃபுக்குப் பல நூற்றாண்டு முன்னரே பகை இனம் உறவினமான கதை இது.

அரக்கர் புராணத்தார், கிளிங்கான்கள் அறிவியல் புனைகதையார், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? நம்பிக்கை என்ற அளவில் கூடாது. அம்மனுக்குக் காப்புக் கட்டியவருக்குக் கூத்து பொழுதுபோக்கு அல்ல, வழிபாடு. கதைத்தொழில் என்ற அளவில் வைத்தே ஆக வேண்டும். இரண்டிலும் வேற்றினத்தார்தான் மனிதரின் பசியையும் மானத்தையும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி. மேடைக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்கிற வேலையைத்தான் அங்கே ரப்பர் நெற்றி செய்கிறது.

‘கலை அரசி’யின் கிரகத்தார் அந்த ஒரு படத்தோடு போய்விட்டார்கள். வண்டிச் சோற்றுக்குக் காத்திருக்கும் பகாசூரன் பாரதக் கூத்தில் இன்றும் வருகிறான்.