கட்டடச் சேவை வடிவமைப்பு மேலாண்மை

ஒரு கட்டடத்தின் மின்சாரம், குளிரூட்டல், காற்றோட்டம், குடிநீர், கழிவுநீர், தீத்தடுப்பு, மின்தூக்கி, தகவல் தொடர்பு ஆகிய அமைப்புகள் கட்டடச் சேவைகள் எனப்படும். இவற்றை வடிவமைக்கும் பொறுப்பைக் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், சேவைப் பொறியாளர், ஒப்பந்ததாரர் ஆகியோரிடையே பகிர்ந்து, ஒருவரது முடிவு மற்றவரது முடிவோடு முரண்படாதவாறு தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை நெறிப்படுத்தும் பணியே கட்டடச் சேவை வடிவமைப்பு மேலாண்மையாகும். இந்தியக் கட்டுமானத் தளங்களில் எம்.இ.பி. என்று சுருக்கமாக வழங்கும் இச்சேவைகளை, 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் விரிவாகக் கூறுகிறது. தீப்பாதுகாப்புக்கு நான்காம் பகுதி உரியது.

சேவைகளுக்கிடையிலான போட்டி பெரும்பாலும் இடத்துக்கானது. உத்தரத்தின் அடிப்பாகத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடைப்பட்ட குறுகிய உயரத்தில் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட், தீயணைப்புக் குழாய், கேபிள் டிரே, கழிவுநீர்க் குழாய் ஆகிய யாவும் ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டியுள்ளது. தானாகச் சரிந்து ஓடும் கழிவுநீர்க் குழாயின் வழியே முதலில் உறுதி செய்யப்படுகிறது. ஏனெனில் 80க்கு 1 என்ற சரிவில் 8 மீட்டர் செல்லும் குழாய் 100 மில்லிமீட்டர் கீழிறங்கியாக வேண்டும், அதை எந்த வரைபடத் திறமையாலும் மேலேற்ற முடியாது. அடுத்து அளவில் பெரிய டக்ட்டுகளும், அவற்றின் பின் அழுத்தத்தில் ஓடும் நீர்க் குழாய்களும், கடைசியில் எளிதில் வளையக்கூடிய மின்கம்பிகளும் இடம் பெறுவது வழக்கம். குழாய் செல்லும் துளைக்கான ஸ்லீவை கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே பதிக்கத் தவறினால், பின்னர் இறுகிய கான்கிரீட்டைத் துளையிடும் கோர் கட்டிங் செய்ய நேர்ந்து உத்தரத்தின் கம்பிகள் அறுபடக்கூடும். மொட்டைமாடியில் 50,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைக்கும் முடிவு கட்டமைப்பின் மீது தண்ணீரால் மட்டும் 50 டன் சுமையை ஏற்றுவதாகையால், அது சேவைப் பொறியாளர் தனித்து எடுக்கத்தக்க முடிவன்று.

இடப் போட்டியைவிடக் கடினமானது பொறுப்பின் எல்லையை வரையறுப்பது. பிரிட்டனில் ஆலோசகப் பொறியாளர் அமைப்பின் கணக்கீட்டையும் பொதுப் பாதையையும் தருவார். நிறுவும் ஒப்பந்ததாரர், தாம் வாங்கும் கருவியின் உண்மையான அளவுக்கேற்பப் பணி வரைபடங்களைத் தயாரிப்பார். இவ்விரண்டுக்கும் நடுவே முரண்களைத் தீர்க்கும் வேலை யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோது, இரு தரப்பும் அதை மற்றவருடையதாகவே கருதி விடுகின்றன. இக்குறையைக் களையவே, கட்டடச் சேவை ஆய்வு நிறுவனமான பி.எஸ்.ஆர்.ஐ.ஏ., ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வரைபடத்தை யார், எவ்வளவு விவரத்துடன் தர வேண்டும் என்று வகைப்படுத்தும் வடிவமைப்புச் சட்டகத்தை வெளியிட்டது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் 1963இல் தொடங்கிய பணித்திட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தமும், மூன்றாம் கட்டத்துக்கு இட ஒருங்கிணைப்பு என்றே பெயரிட்டு, விரிவான தொழில்நுட்ப வடிவமைப்புக்கு முன்பாகவே அப்பணி முடிய வேண்டுமென வற்புறுத்துகிறது.

பொறுப்பு சிதறுவதன் விளைவைப் பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் போல் விளக்கும் கட்டடம் அரிது. 2006இல் வேலை தொடங்கிய அந்நிலையத்தில், முழுப்பணிக்கும் ஒரே ஒப்பந்ததாரரை அமர்த்தும் முயற்சி விலைப்புள்ளிகள் மதிப்பீட்டை மீறியதால் கைவிடப்பட்டு, பணி பல கூறுகளாகப் பிரித்தளிக்கப்பட்டது. கட்டுமானத்தின் நடுவிலேயே முனையத்தின் திட்டமும் மாற்றி விரிவாக்கப்பட்டது. கூரையின் மேல் புகைபோக்கிகள் தென்படாதிருக்க, இயல்பாக மேலெழும் புகையைச் சில பகுதிகளில் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றும் அமைப்பு வடிவமைக்கப்பட்டது. புகை உணரிகள், அடைப்புத் தகடுகள், விசிறிகள், கதவுகள் யாவும் ஒரே கட்டளையில் இயங்க வேண்டியிருந்தும் அவ்வாறு இயங்கவில்லை. 2012 ஜூன் 3ஆம் நாள் நடைபெறவிருந்த திறப்பு, அதற்கு நான்கு வாரங்கள் கூட இல்லாத நிலையில் நிறுத்தப்பட்டு, 2020 அக்டோபர் 31இல்தான் நிலையம் திறக்கப்பட்டது.

இன்று கட்டடத் தகவல் மாதிரியாக்கம் எனும் முப்பரிமாணக் கணினி முறை, குழாயும் உத்தரமும் மோதும் இடங்களைக் கட்டுவதற்கு முன்பே காட்டிவிடுகிறது. தகவல் பரிமாற்றத்துக்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரத்தின் முதலிரு பகுதிகள் 2018இல் வெளிவந்தன. ஆயினும் மோதும் இரண்டில் எது விலக வேண்டும், அதற்கான செலவு யாரைச் சேரும் என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. ஆகவே பொறுப்புப் பட்டியலை முதற்கட்டத்திலேயே எழுதி ஒப்பந்தத்தில் இணைப்பது, மென்பொருளில் செலவிடுவதற்கும் முற்பட்ட தேவையாகும்.

கட்டி முடித்தபின் ஒவ்வொரு அமைப்பையும் இயக்கிப் பார்த்து, காற்றளவையும் நீரோட்டத்தையும் வடிவமைத்த அளவுக்குச் சரிசெய்வது இயக்கச் சோதனை எனப்படும். காலநெருக்கடி நேரும்போது முதலில் சுருக்கப்படுவதும் இதுவே. நிறுவியபடி வரைபடங்களையும் இயக்கக் கையேடுகளையும் ஒப்படைத்தவுடன் வடிவமைப்பாளர் விலகிவிடும் பழக்கத்துக்கு மாற்றாக, பிரிட்டனில் 2009இல் வெளியான மென்தரையிறக்கச் சட்டகம், பயனர்கள் குடியேறிய பின்பும் மூன்றாண்டுகள் வரை வடிவமைப்பாளரும் கட்டுநரும் உடனிருந்து கட்டடத்தின் செயல்பாட்டைச் சீர்செய்ய வழிவகுக்கிறது.