ஜாஸ் கிட்டாரும் தமிழ்நாடும்

ஜாஸ் குழுவில் கிட்டார் கலைஞருக்கு இரண்டு வேலைகள் உண்டு. கார்ட் எனப்படும் சுரக்கூட்டுகளைத் தாளத்தோடு வாசித்துக் குழுவைத் தாங்குவது ஒன்று. தன் முறை வரும்போது கற்பனையாகத் தனித்து வாசிப்பது மற்றொன்று. வரலாற்றில் முதல் வேலையே முன்னதாக வந்தது. கற்பவர்கள் பலர் இரண்டாவதிலிருந்து தொடங்கித் தடுமாறுகிறார்கள்.

தொடக்ககால ஜாஸ் குழுக்களில் தாளத்துக்குப் பாஞ்சோ என்ற கருவியே பயன்பட்டது. அதன் ஒலி கூர்மையானது. 1925 அளவில் மைக்ரோபோன் வழியான மின் ஒலிப்பதிவு வந்தபின், மென்மையான கிட்டார் ஒலியும் இசைத்தட்டில் பதிந்தது. 1937-ல் கவுண்ட் பேசியின் குழுவில் சேர்ந்த ஃபிரெடி கிரீன், 1987-ல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கேயே வாசித்தார். நான்கு அடிகள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மீட்டல்கள், அவ்வளவுதான். மீட்டிய உடனே இடக்கை விரல்களைச் சற்றுத் தளர்த்தி ஒலியை நிறுத்திவிடுவார். ஆறு தந்திகளையும் அவர் மீட்டவில்லை. இரண்டு மூன்று சுரங்களே போதுமாக இருந்தன.

அது எப்படிப் போதும் என்பதைச் சங்கராபரணம் தெரிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். மேற்கத்திய 'சி' சுரத்தை ச எனக் கொள்வோம். ஜாஸில் மிகுதியாக வரும் கார்ட் வரிசை ரி, ப, ச ஆகியவற்றை அடியாகக் கொண்டது: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஒரு கார்டின் குணத்தைக் காட்டுவன அதன் மூன்றாம், ஏழாம் சுரங்கள். முதல் கார்டில் அவை ம, ச. இரண்டாவதில் நி, ம. மூன்றாவதில் க, நி. ம அப்படியே நிற்க, ச மட்டும் அரைச்சுரம் இறங்கி நி ஆகிறது. அடுத்து நி நிற்க, ம அரைச்சுரம் இறங்கி க ஆகிறது.

கிட்டாரில் இது கண்ணுக்கே தெரியும். வீணையில் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃபிரெட் என்பார்கள். நான்காம் தந்தியில் 3, 3, 2 என்ற ஃபிரெட்களிலும், மூன்றாம் தந்தியில் 5, 4, 4 என்ற ஃபிரெட்களிலும் விரல்கள் நகர்ந்தால் இந்த வரிசை முழுவதும் வந்துவிடும். அடிச்சுரத்தை பேஸ் கலைஞர் பார்த்துக்கொள்வார்.

தனி வாசிப்பும் இதே சுரங்களிலிருந்துதான் கிளைக்கிறது. கிப்சன் நிறுவனம் 1936-ல் ஈஎஸ்-150 என்ற மின் கிட்டாரை வெளியிட்டது. அதை வாசித்த சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். பிடித்திருக்கும் கார்டின் வடிவத்தைச் சுற்றியே சுரங்களைக் கோத்து, ஊதுகருவிகளுக்கு ஈடாகக் கிட்டாரைப் பேசவைத்தார். 1942-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. ராகத்தில் ஆதார சுருதி மாறுவதில்லை; ஜாஸில் கார்ட் மாறும்போது காலடித் தரையே மாறுகிறது. ஆகவே ஒரே சுர வரிசையை மேலும் கீழும் ஓட்டினால் போதாது. கார்ட் மாறும் இடத்தில் புதிய கார்டின் சுரத்தில் வந்து இறங்கவேண்டும்.

இந்தியாவுக்கு ஜாஸ் கப்பல் வழியாகவும் விடுதிகள் வழியாகவும் வந்தது. 1935-ல் லியோன் ஆபியின் குழு பம்பாய் தாஜ் விடுதியில் வாசித்தது. அவ்வகை இசையில் தேர்ந்த கோவா கலைஞர்கள் பின்னர் இந்திப் படங்களுக்குப் போனார்கள். சென்னையைப் பொறுத்தவரை 1958 குறிப்பிடத்தக்க ஆண்டு. அப்போது வந்த டேவ் புரூபெக்கின் குழு, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் வாசித்தது. 1963-ல் டியூக் எலிங்டன் வந்தார்.

ஆனால் இங்கே கிட்டார் வேரூன்றியது கச்சேரி மேடையில் அன்று, திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அவரிடம் பயின்ற இளையராஜா, 1976-ல் 'அன்னக்கிளி' வருமுன் பிற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தவர். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். அது ஜாஸ் அன்று. எனினும் கார்டைப் பிரித்துச் சுரம் சுரமாக மீட்டும் முறையைத் தமிழர் காதில் பதியவைத்தது அந்தப் பாடல்தான் என்பேன். வடலூர், நெய்வேலி போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கும் அதுவே நல்ல முதற்பாடம். அக்கால இசைத்தட்டு உறைகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயரைப் பெரும்பாலும் காணமுடியாது. தமிழ்நாட்டுக் கிட்டாரின் வரலாற்றை எழுத இதுவே பெருந்தடை.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. ஜாஸ் கலைஞர் ஜான் மெக்லாலின் 1970-களில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, கார்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ராகத்துக்கு வந்தார். கமகத்துக்காகத் தந்தியை வளைக்க வசதியாக, ஃபிரெட்களுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிட்டாரைப் பயன்படுத்தினார். கர்நாடக இசையை மின் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா சென்னை ஐஐடியில் படித்தவர். பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்றார். அவர் 2010-ல் சென்னைக்குத் தெற்கே சுவர்ணபூமி இசைக் கழகத்தைத் தொடங்கினார்.