சபைப் பதிவேட்டில் மூன்று வரி

கொங்கு நாடு என்றதும் பஞ்சாலை, மஞ்சள், சிறுவாணித் தண்ணீர், மாரியம்மன் கோயில் கம்பம் என்று ஒரு வரிசை நம் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்க்கோடியில் உள்ள சின்ன ஆலயத்துக்கு நடந்துபோகும் பாட்டிகள் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் தொடங்கி, கருமத்தம்பட்டி, தாராபுரம், ஈரோடு, கோபி வரை இப்படிப்பட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். இவர்களுடைய வாழ்க்கையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

பார்க்கப்போனால் யாரும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இவர்கள் எப்படி வந்தார்கள்?

கொங்கு நாட்டில் கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் அந்தக் காலத்து வேர் கொண்டது. 2019இல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது.

பிராட்டஸ்டண்டு சபைகளின் கதை 1830இல் தொடங்குகிறது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டபிள்யூ. பி. அடிஸ் அந்த ஆண்டு கோயம்புத்தூருக்கு வந்தார். அதன்பின் பள்ளிக்கூடம், ஊர் ஊராகப் போகும் உபதேசியார், வேப்பமரத்தடி ஜெபக்கூட்டம் என்று மெல்லப் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டில் ஏ. டபிள்யூ. பிரப், எச். ஏ. பாப்லி போன்றவர்கள் பணியாற்றினார்கள். ஈரோட்டில் பிரப் சாலை இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

கிராமங்களில் இந்தச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். ஆதிதிராவிடர், அருந்ததியர் குடும்பங்கள். பண்ணையத்தில் வேலை செய்தவர்கள், கவலை இறைப்பதற்கான தோல் பையைத் தைத்துக் கொடுத்தவர்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கியபின் கவலை ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தோல் பைக்கும் வேலை இல்லாமல் போனது. அதே மின்சாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. தோல் தைத்தவரின் மகன் ஆலைக்குப் போனான். 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டபின் பெரியநாயக்கன்பாளையம் வட்டாரமே தொழிற்சாலை ஊராக மாறியது. வெளி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் இங்கே உள்ள சபைகளில் சேர்ந்தன. இவ்வளவு பெரிய மாற்றம் இரண்டு தலைமுறைக்குள் நடந்திருக்கிறது. அதை உடம்பால் அனுபவித்தவர்கள்தான் இன்று ஆலயத்தின் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் சாதாரணக் கிராமத்து மனிதர்களின் பிறந்த தேதியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் "தாது வருஷப் பஞ்சத்துல எங்க ஆத்தா பொறந்தா", "பிளேக் வந்து ஊரைக் காலி பண்ணினப்ப எனக்கு அஞ்சு வயசு" என்றுதான் வயதைச் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம். பிளேக் கோவையை எப்படி உலுக்கியது என்பதற்கு, நகரில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி.

ஆலயத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் இதில் ஒரு வசதி இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று திரிதெந்து சங்கம் 1563இலேயே முடிவு செய்தது. 1614இல் இறந்தோர் பதிவேடும் அதோடு சேர்ந்தது. பிராட்டஸ்டண்டு சபைகளும் இதே மூன்று பதிவேடுகளை வைத்தன. ஆக, நிலமும் பட்டாவும் இல்லாத ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயரும், அவளுடைய அப்பா பெயரும், ஊரும், தேதியும் மையால் எழுதப்பட்டு ஒரு பீரோவுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் பதிவேட்டில் இருப்பது மூன்று வரிதான். ஞானஸ்நானம் ஒன்று, திருமணம் ஒன்று, அடக்கம் ஒன்று. முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் எண்பது வருடம் இருக்கிறது. அந்த எண்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பெற்றாள், எத்தனை பேரைப் புதைத்தாள், யார் தோட்டத்தில் களை வெட்டினாள், ஆலயத்துக்கு எத்தனை மைல் நடந்தாள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பதிவேட்டுக்கு வெளியே இன்னொரு ஆவணமும் உண்டு. குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ உள்ள வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், வீட்டுப் பெரியவர் இறந்த நாள் ஆகியவற்றை எழுதி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அந்தப் புத்தகம் கிழிந்துவிட்டால் புதிது வாங்குகிறார்கள். பழையது எங்கே போகிறது?

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்

இவர்களுடைய வாழ்க்கையில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். பிறகு 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள்.

ஊரில் சாதி மாறவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவர், இவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று கேட்டுவிட்டு வைக்கவில்லை. சர்க்கார் தாளில் மட்டும் சலுகை போய்விட்டது. அதனால் பலர் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரோடும் சபைப் பதிவேட்டில் இன்னொரு பெயரோடும் வாழ்ந்தார்கள். பதிவேட்டில் மரியாள், ரேஷன் கார்டில் மாரியம்மாள். இது ஏமாற்று என்று சொல்வது எளிது. பிள்ளையின் படிப்பு ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம் என்று நின்ற தாய்க்கு அது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. இந்தக் கேள்வியை ஆராய 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. இரண்டு பெயரோடு வாழ்ந்த முதல் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

எழுத்துத் தெரியாதவர்களின் மனப்பாடம்

அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஐம்பது, அறுபது கீர்த்தனைகளை ராகத்தோடு பாடுவார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வந்த பாட்டுகள் வாய்வழியாகவே கிராமங்களுக்குள் போயின. ஈரோட்டில் இருந்த பாப்லி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பிரசங்கத்தைவிடப் பாட்டோடு கூடிய கதாகாலட்சேபம்தான் தமிழ்க் கிராமத்தில் எடுபடும் என்று அவர் அந்த முறையைப் பயன்படுத்தினார். 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். 1931இல் திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

கத்தோலிக்க முதியவர்களின் அனுபவம் வேறு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பூசை லத்தீன் மொழியில் நடந்தது. குருவானவர் பீடத்தில் லத்தீனில் சொல்லிக்கொண்டிருக்க, கீழே பெண்கள் தமிழில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். புரியாத மொழிக்கும் தெரிந்த ஜெபத்துக்கும் நடுவில் அவர்கள் என்ன நினைத்தார்கள்? இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதை நெருங்கியவர்கள்.

கைப்பிடி அரிசி

பல சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, பிறகு ஆலயத்தில் சேர்ப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம், ஒரு நாளைக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. நாற்பது வீட்டுக்கு அறுபது கிலோ. மானாவாரிக் காட்டு ஊரில், சோளமும் கம்பும் ராகியும் தின்ற வீட்டில், அரிசி என்பது நல்ல நாளைக்கு வைத்திருந்த பொருள். அதிலிருந்து ஒரு பிடி!

ஆலயச் சுவரில் பதித்த கல்லில் பெரிய நன்கொடையாளர் பெயர் இருக்கும். பிடி அரிசி போட்ட பாட்டியின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது.

யாருடைய கல்லறை எழுதப்பட்டது?

1905இல் ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தின் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். லண்டன் மிஷன் சங்கத்து மிஷனரிகளின் கடிதங்கள் லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக உள்ளன. 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர் பிரெசிலாக் ஆண்டகை. இந்த மண்ணின் ஆட்களே குருக்களாக வேண்டும் என்று வாதாடியவர். 1855இல் பதவி விலகி, 1856இல் பிரான்சில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859இல் சியரா லியோனில் இறந்தார். அவர் எழுதியவை அச்சில் கிடைக்கின்றன. அன்றைக்குக் கருமத்தம்பட்டிக் கோயில் வாசலில் கூடி நின்ற ஜனங்களின் பெயர்கள்?

கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை மண்மேடுகள்தான். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எந்த மேடு யாருடையது என்று சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். அவர் போனபின் அந்த மேடு வெறும் மண்தான். இடம் போதாமல் அதே குழியில் இன்னொருவரையும் அடக்கம் செய்வார்கள்.

என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் ரொனால்டு பிளைத் என்பவர் 1960களில் தன் பகுதி கிராமத்து மக்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை 1969இல் 'ஏக்கன்ஃபீல்டு' என்ற புத்தகமாக்கினார். உழவர், கொல்லர், கல்லறைக் குழி தோண்டுபவர், ஆலய மணி அடிப்பவர் எல்லாரும் அதில் பேசுகிறார்கள். அதற்குப் பெரிய ஆராய்ச்சி நிதி தேவைப்படவில்லை. கேட்கப் பொறுமை இருந்தது.

இன்று நம் கையில் உள்ள செல்போனே போதும். வாலிபர் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு பெரியவரிடம் அரை மணி நேரம் பேசலாம். அவர் சம்மதத்தோடு பதிவு செய்யலாம். குடும்ப வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுக்கலாம். கரையான் அரிக்கும் முன் பழைய பதிவேட்டைப் போதகர் அனுமதியோடு நகல் எடுக்கலாம். கல்லறைத் தோட்டத்துக்குக் கோயில்பிள்ளையைக் கூட்டிப்போய் எது யாருடையது என்று ஒரு வரைபடம் போடலாம். சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் வழக்கமான வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். "முதல் கூலி எவ்வளவு? எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்க விட்டாங்க? கல்யாணத்துக்கு என்ன சேலை?" என்று கேட்டால் வாழ்க்கை வரும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. நிலமில்லாதவர் கொங்கு நாட்டில் எப்படி வாழ்ந்தார் என்ற வரலாற்றில் பாதி இவர்களிடம் இருக்கிறது. மூன்றாவது வரியை எழுத எல்லாச் சபையிலும் ஆள் உண்டு. அதற்கு முன் நடுவில் உள்ள எண்பது வருடத்தை எழுத ஆள் வேண்டும்.