நின்று கேட்டவர்களின் வியன்னா

வியன்னா அரசு ஓப்பரா மாளிகையில் நெடுங்காலம் 1,709 இருக்கைகளும், நின்று பார்க்க 567 இடங்களும் இருந்தன. அதாவது, அரங்கு நிறைந்த ஓர் இரவில் கூடியவர்களில் நான்கில் ஒருவர், கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்று கேட்டவராகவே இருந்தார். ஓப்பரா என்பது உரையாடல் பெரும்பாலும் பாடலாகவே அமைந்து, பெரிய வாத்தியக் குழுவின் துணையோடு மேடையில் நடிக்கப்படும் ஐரோப்பிய இசை நாடகம். பாடகர், வாத்தியக்காரர், கூட்டுப் பாடகர், காட்சியமைப்பாளர் என அதற்கு ஆகும் செலவு மிகப் பெரியது என்பதால், அரசவையோ செல்வர்களோ தாங்கிப் பிடிக்காமல் அது நிலைப்பது அரிதாக இருந்தது. அத்தகைய ஒரு கலை, மாணவரும் சிறு ஊழியரும் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தவறாமல் சென்று கேட்கும் கலையாக வியன்னாவில் மாறியதற்குக் காரணம், நிகழ்ச்சி நாளன்று மாலையில் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட நிற்குமிடச் சீட்டுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்குகள் பலவற்றில், ‘பார்டேர்’ எனப்பட்ட தரைத்தளத்தின் பெரும்பகுதியில் இருக்கைகளே இருக்கவில்லை. மேல்தட்டினர் பக்கச் சுவர்களில் அடுக்கடுக்காக அமைந்த தனி அறைகளில் அமர, மற்றவர்கள் கீழே நின்றார்கள். வியன்னாவில் ஓப்பரா நடந்த அரங்குகளில் ஒன்று கேர்ன்ட்னர்டோர் அரங்கு. 1814இல் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’ திருத்திய வடிவில் அங்கே மேடையேறியபோது, பதினேழு வயது ஃபிரான்ஸ் ஷூபர்ட் பள்ளிப் புத்தகங்களை விற்றுச் சீட்டு வாங்கினார் என்றொரு செவிவழிக் கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, அந்நகரத்து இளைஞர்களிடம் இருந்த இசைப் பசியையும் அவர்கள் கையில் இருந்த காசின் அளவையும் அந்தக் கதை சரியாகவே சொல்லிவிடுகிறது. அவ்வரங்கு நின்ற இடத்தில் இப்போது சாஹர் ஹோட்டல் இருக்கிறது. அதற்கு அருகிலேயே, பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் ஆட்சியில் கட்டப்பட்ட புதிய அரசவை ஓப்பரா மாளிகை, 1869 மே 25 அன்று மொஸார்ட்டின் ‘டொன் ஜொவான்னி’யோடு திறக்கப்பட்டது.

தரைத்தளத்தில் இருக்கைகள் பரவிய பின்னும் பழைய வழக்கம் அங்கே முற்றிலும் அழிந்துவிடவில்லை. தளத்தின் பின்பகுதியில், பேரரசரின் மாடத்துக்கு நேர் கீழே, நின்று பார்ப்பவர்களுக்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டது. மேடை நேர் எதிரே தெரியும் அந்த இடத்தின் ஒலித் தெளிவை, பன்மடங்கு விலை கொடுத்துப் பக்கவாட்டு மாடங்களில் அமர்ந்தவர்கள் பெற முடியவில்லை. 1908இல் வியன்னாவில் இசை பயின்ற ஆகஸ்ட் குபிசெக் தம் நினைவுநூலில் அவ்விடத்தை விரிவாக வர்ணிக்கிறார். சீட்டின் விலை 2 குரோனன். வெண்கலக் கம்பி ஒன்று இடத்தை இரண்டாகப் பிரிக்க, ஒரு பாதி பொதுமக்களுக்கும், மறு பாதி மிகச் சொற்பக் கட்டணம் செலுத்திய படைவீரர்களுக்கும் உரியதாக இருந்தது. பெண்களுக்கு அங்கே அனுமதியில்லை. குபிசெக்கோடு அங்கே நின்று வாக்னரின் ஓப்பராக்களைக் கேட்டவர், அப்போது அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த அடால்ஃப் ஹிட்லர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1938 நவம்பரில், அவருடைய அரசு யூதர்கள் நாடக அரங்குகளுக்கும் இசை அரங்குகளுக்கும் செல்வதையே தடை செய்தது. ஆஸ்திரியாவும் அதற்குள் அந்த ஆட்சியின் கீழ் வந்துவிட்டதால், வியன்னாவின் யூத இசை ரசிகர்களுக்கு நிற்குமிடமும் இல்லாமல் போனது. மலிவுச் சீட்டின் வரலாற்றை எல்லோருக்கும் கதவு திறந்த கதையாக மட்டும் எழுதுவது, முதலில் வெளியே நிறுத்தப்பட்ட பெண்களுக்கும் பின்னர் துரத்தப்பட்ட அந்த ரசிகர்களுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

நின்றவர்களின் கைத்தட்டலுக்கு ஒரு சந்தை மதிப்பும் இருந்தது. ‘கிளாக்’ என்பது, பாடகர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு உரிய இடங்களில் கைதட்டி ஆரவாரம் எழுப்பும் குழு. 1897 முதல் 1907 வரை மாளிகையின் இயக்குநராக இருந்த குஸ்தாவ் மாலர், அரங்க விளக்குகளை மங்கச் செய்து, தாமதமாக வருவோரைத் தடுத்து நிறுத்தியதோடு, கிளாக்கை ஒழிக்கவும் முனைந்தார்; ஆனால் அது மீண்டும் தழைத்தது. 1920களில் இசை மாணவராக அக்குழுவில் சேர்ந்து, பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற யோசேப் வெக்ஸ்பெர்க் எழுதிவைத்திருப்பதன்படி, பணம் குழுத் தலைவரைச் சேர்ந்தது. மேல்தளத்தில் நின்ற உறுப்பினர்களுக்குக் கிடைத்த கூலி இலவசச் சீட்டு மட்டுமே. எந்த ஸ்வரத்துக்குப் பின் கை தட்டலாம், எங்கே தட்டினால் இசை கெடும் என்பதை அறிய, அவர்கள் இசைக் குறிப்பையே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. ஊழல் என்று சரியாகவே கண்டிக்கப்பட்ட ஒரு வழக்கம், பணமில்லாத மாணவர்களுக்கு ஓர் இசைப் பள்ளியாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1945 மார்ச் 12 அன்று மாளிகை மீது விழுந்த குண்டுகள் மேடையையும் பார்வையாளர் கூடத்தையும் எரித்தன. பத்தாண்டுகள் வேறு அரங்குகளில் பாடிய ஓப்பராக் குழு, 1955 நவம்பர் 5 அன்று, கார்ல் போம் நடத்திய ‘ஃபிடேலியோ’வோடு புதுப்பித்த மாளிகைக்குத் திரும்பியது. கூடத்தைப் புதிதாகக் கட்டியவர்கள், நிற்குமிடத்தையும் அதில் வைத்துக் கட்டினார்கள் என்பது இவ்வரலாற்றில் முக்கியமான முடிவு. மலிவு விலை ஒரு நிர்வாகியின் கருணையாக இல்லாமல், கட்டடத்தின் பகுதியாகவே நின்றுவிட்டது.

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல், ஓப்பர்ன்காஸே எனும் பக்கத் தெருவில் இருந்த நிற்குமிடச் சீட்டறையின் முன் வரிசை உருவாயிற்று. புகழ்பெற்ற பாடகர் பாடும் நாளில் காலையிலேயே, சில நேரம் முந்திய இரவிலேயே, ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அத்தகைய நாட்களில் வரிசையை வரிசைக்காரர்களே ஆண்டார்கள். முதலில் வந்தவர் தாளில் பெயர்களை எழுதி எண் கொடுப்பார். குறித்த நேரங்களில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவரின் பெயர் அடிக்கப்படும். இந்தக் காத்திருப்பில்தான், நாற்பது ஆண்டுகளாக நின்றுவந்த முதியவர், முதன்முறை வந்த மாணவிக்கு எந்தப் பாடகர் எந்த வேடத்தில் சிறந்தவர் என்று சொல்லிக்கொடுத்தார். நிகழ்ச்சிக்கு 80 நிமிடங்களுக்கு முன் சீட்டறை திறக்கும். தலைக்கு ஒரு சீட்டு. உள்ளே சென்றதும், சிவப்பு உறையிட்ட கம்பியில் தமக்கான இடத்தைத் தேர்ந்து, கழுத்துத் துணியை அதில் கட்டிவிட்டு, ரசிகர்கள் வெளியே போய்ச் சாப்பிட்டு வருவார்கள். துணி கட்டிய இடத்தை வேறு யாரும் தொட்டதில்லை. மாளிகையின் எழுதப்பட்ட விதிகளைவிட இந்த எழுதாத விதிக்கு அங்கே மதிப்பு அதிகமாக இருந்தது.

மிலானின் லா ஸ்காலா அரங்கிலும் இதற்கு இணையான மரபு இருந்தது. ‘லோஜோனே’ எனப்படும் உச்சித் தளங்களில், நிகழ்ச்சி நாளன்று விற்கப்பட்ட 140 சீட்டுகளுக்கு அங்கும் பெயர்ப்பட்டியலும் பெயர் அழைப்பும் நடந்தன. 2006 டிசம்பரில் ‘ஆயிதா’வில் பாடிய ரொபெர்த்தோ அலாஞ்ஞாவை நோக்கி எழுந்த கூச்சல் அத்தளங்களிலிருந்தே வந்தது, அவரும் மேடையை விட்டே வெளியேறினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அதே ஆண்டில் வேறு வழியைத் தொடங்கியது: ஆக்னஸ் வாரிஸ் என்ற கொடையாளரின் நிதியைக் கொண்டு, 100 டாலர் மதிப்புள்ள தரைத்தள இருக்கைகளில் 200, வார நாட்களில் நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் 20 டாலருக்கு விற்கப்பட்டன. வசதியில் அது வியன்னாவை விஞ்சியது. ஆனால் நன்கொடையை நம்பியிருக்கும் சலுகைக்கும், கட்டடத்திலேயே இடம் பெற்றுவிட்ட உரிமைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

1991 ஜூலை 30 அன்று ‘ஒதெல்லோ’ முடிந்தபின், அதில் பாடிய பிளாசிடோ டொமிங்கோவுக்கு வியன்னாவில் கைத்தட்டல் 80 நிமிடங்கள் நீடித்தது. அவர் 101 முறை திரைக்கு முன் அழைக்கப்பட்டார். இப்படி ஒரு கூட்டத்தை விளம்பரத்தால் உருவாக்கிவிட முடியாது. ஒரே பாடலைப் பத்துப் பாடகர்கள் பாடக் கேட்டு, அவர்களை நினைவில் ஒப்பிடத் தெரிந்த செவிகள் அதற்கு வேண்டும். மீண்டும் மீண்டும் வர இடம்கொடுக்கும் விலையே அத்தகைய செவிகளை வளர்க்கும்.

2010களில், முதல் தர இருக்கை 200 யூரோவைத் தாண்டிய நாளிலும், நிற்குமிடம் 3, 4 யூரோவுக்குக் கிடைத்தது. பின்னர் விலை 10 யூரோவாகவும் அதற்கு மேலும் உயர்ந்தது. கொரோனா பெருந்தொற்று நெருங்கி நிற்பதையே இயலாததாக்கிய காலத்துக்குப் பின், அன்றைய சீட்டுகள் காலை 10 மணி முதல் இணையத்தில் விற்கப்படலாயின. வேலையை விட்டுவிட்டு நாள் முழுதும் தெருவில் நிற்க முடியாதவர்களுக்கு இது உண்மையான நன்மை. அதே வேளையில், இருக்கையோடு ஒப்பிட இன்றும் மலிவான அந்த விலை, மாதம் இருபது இரவுகள் வந்த மாணவருக்கு 80 யூரோவுக்குள் முடிந்த செலவை 200 யூரோவுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.