நிறத்தின் விலை: கர்ப்பிணிகளின் சருமப் பராமரிப்பு - ஒரு வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பெரணமல்லூர். பட்டு நெசவுக்குப் பேர்போன வட்டாரம். இங்கே ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால் காட்சி இப்படித்தான் இருக்கும். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டி மனையில் உட்கார வைப்பார்கள். சுமங்கலிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். நெற்றியில் குங்குமம் வைத்து, கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "குங்குமப்பூ பால் குடிக்கிறியாம்மா? கொழந்த செவப்பா பொறக்கும்!"

பாசத்தோடு சொல்லும் வார்த்தைதான். ஆனால் குழந்தையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது. குங்குமப்பூவால் அதை மாற்ற முடியாது. காசு போகுமே தவிர, பாலில் போடும் சிறு அளவு குங்குமப்பூவால் பெரிய கெடுதலும் இல்லை.

ஆனால் நிறத்தின் மீதுள்ள இந்த ஆசை எப்போதும் இவ்வளவு மலிவாக முடிந்துவிடவில்லை. கர்ப்பிணி தன் சருமத்தில் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் முன்பின் தெரியாத தாய்மார்கள்.

சருமம் ஏன் மாறுகிறது?

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள் கூடுகின்றன. மெலனின் என்ற நிறமியும் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் கன்னத்திலும் நெற்றியிலும் கருமை படரும். இதைத்தான் நம் ஊரில் 'மங்கு' என்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு விழும். வயிற்றுத் தோல் விரிந்து வரிகள் தோன்றும். சிலருக்குப் பருக்கள் கிளம்பும்.

இவை நோய் அல்ல. கருமை பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் மங்கிவிடும். ஆனால் கண்ணாடியில் தினமும் முகம் பார்க்கும் பெண்ணுக்கு அந்தச் சில மாதங்கள் நீளமானவை. கடையில் இருக்கும் க்ரீம் டப்பா கையை நீட்டி அழைப்பது அந்த நேரத்தில்தான்.

இடிந்து விழுந்த சுவர்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை மருத்துவ உலகில் ஒரு நம்பிக்கை வலுவாக இருந்தது. தாய்க்கும் சேய்க்கும் நடுவில் உள்ள நஞ்சுக்கொடி ஒரு மதில் சுவர் போன்றது, தாயின் உடம்பில் சேரும் கெட்டது எதுவும் அதைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது என்பதே அது.

1941ல் அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை வந்திருந்ததைக் கண்டறிந்தார். கிருமி சுவரைத் தாண்டியிருந்தது!

அடுத்து தாலிடோமைடு. 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை. பல நாடுகளில் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் இதையே கொடுத்தார்கள். கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அது திரும்பப் பெறப்பட்டது. மருந்தும் சுவரைத் தாண்டும் என்பது உலகத்துக்குப் புரிந்தது.

அதே காலத்தில் ஜப்பானின் மினமாட்டா நகரில் இன்னொரு துயரம் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனில் சேர்ந்தது, மீனிலிருந்து மனிதருக்கு வந்தது. 1956ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதிக பாதிப்பு வெளியே தெரியாத தாய்மார்களுக்குக் கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. தாயின் உடம்பில் சேர்ந்த நஞ்சு வயிற்றுக் குழந்தையைத் தாக்கியிருந்தது. உலோகமும் சுவரைத் தாண்டும்!

பருவுக்கு ஒரு மாத்திரை

சருமத்துக்கான மருந்து ஒன்றும் இந்த வரிசையில் சேர்ந்தது. அதன் பெயர் ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. எதற்கும் அடங்காத பெரிய பருக்களையும் கட்டுப்படுத்தும். ரோச் நிறுவனம் 'அக்யூடேன்' என்ற பெயரில் தயாரித்த இதற்கு 1982ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

விலங்குச் சோதனைகளிலேயே கருவைப் பாதிக்கும் என்று தெரிந்திருந்ததால், கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்ற எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே மருந்தோடு இருந்தது. ஆனாலும் 1983லேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 1985ல் எட்வர்ட் லாம்மர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 154 கர்ப்பங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 95 பேர் கருவைக் கலைத்திருந்தார்கள். 12 கரு தானாகக் கலைந்தது. பெரிய குறை இல்லாமல் பிறந்த குழந்தைகள் 26. காது, இதயம், மூளை என்று குறைகளோடு பிறந்த குழந்தைகள் 21.

அச்சடித்த எச்சரிக்கை மட்டும் போதாது என்பதுதான் இதில் கிடைத்த பாடம். 1988ல் கர்ப்பத் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவும் போதவில்லை. 2006ல் 'ஐபிளெட்ஜ்' என்ற கட்டுப்பாடு வந்தது. கர்ப்பம் இல்லை என்று பரிசோதனையில் உறுதி செய்து, மருத்துவரும் மருந்துக்கடையும் நோயாளியும் பதிவு செய்த பிறகே மாத்திரை கைக்கு வரும். மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்கக்கூடாது.

பருவுக்காகச் சாப்பிடும் மாத்திரை ஒன்றுக்கு இத்தனை பூட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கு அந்த 21 குழந்தைகள்தான் பதில்.

வெள்ளைக்கு ஆசைப்பட்டு...

பாதரச உப்புகள் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால் பூசிய சில வாரங்களில் முகம் வெளுக்கும். நிறம் வேண்டுபவருக்கு அதிசயம், விற்பவருக்கு லாபம். ஆனால் பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் உட்காரும். கர்ப்பிணியாக இருந்தால் நஞ்சுக்கொடியையும் எட்டும். க்ரீமில் உள்ள பாதரசம் மினமாட்டா மீனில் இருந்த பாதரசம் அல்ல, வேதிவடிவம் வேறு. ஆனால் அதுவும் நஞ்சுதான்.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனைக்கு வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தவர்கள்! க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

சட்டமும் மெல்ல நடந்து வந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2013ல் கையெழுத்தானது. அதற்கு மினமாட்டா என்றே பெயர் வைத்தார்கள். இந்தியா 2018ல் அதை உறுதி செய்தது. அழகுசாதனப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை இந்தியாவின் 2020ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன. ஆனால் சட்டம் பிடிப்பது முகவரி உள்ளவரைத்தான். தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாவை யார் பிடிப்பது?

இன்னொரு வகையும் உண்டு. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பு. மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்ச காலம் பூச வேண்டிய மருந்து இது. நம் நாட்டில் பலர் இதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, 'முகத்துக்குப் போடும் க்ரீம்' என்று மாதக்கணக்கில் பூசினார்கள். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இந்தக் களிம்பில் உள்ள ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியவை.

மஞ்சளுக்கே சோதனை

"க்ரீம் எல்லாம் எதுக்கு? நம்ம மஞ்சள் இருக்கே!" என்று தோன்றலாம். நியாயம்தான். மஞ்சளின் பெருமைக்கு ஒரு வழக்கே சாட்சி. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ல் காப்புரிமை வாங்கியது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து நின்றது. பழைய நூல்களையும், 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டியது. 1997ல் காப்புரிமை ரத்தானது.

வெளியாரிடமிருந்து மஞ்சளைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் வியாபாரியிடமிருந்து?

வங்கதேசத்தின் கிராமப்புறத்தில் 430 கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது 132 பேருக்குக் காரீயம் அளவுக்கு மேல் இருந்தது. அங்கே பெட்ரோல் புகையும் இல்லை, பெரிய ஆலையும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? தேடிப்போன ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். மஞ்சளில்!

2019ல் வெளியான அவர்களுடைய ஆய்வு இதன் கதையைச் சொல்கிறது. 1980களில் பெருவெள்ளத்தில் நனைந்த மஞ்சள் கிழங்கு நிறம் மங்கியது. மங்கிய மஞ்சளுக்கு விலை இல்லை. அதனால் பாலிஷ் போடும் இடத்தில் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயப் பொடியைத் தூவினார்கள். பெயிண்டில் போடும் பொருள் அது. நிறம் பளிச்சென்று வந்தது, விலையும் வந்தது. வெள்ளம் வடிந்தும் பழக்கம் போகவில்லை. வாங்குபவர் கேட்டது நிறம்; விற்றவர் கொடுத்ததும் நிறம். நடுவில் இருந்த காரீயத்தை யாரும் பார்க்கவில்லை.

தாயின் எலும்பில் தங்கும் காரீயம் கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தத்தில் இறங்கி, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. தோல் வழியாக இந்தக் காரீயம் அதிகம் ஏறாது; ஆபத்து முக்கியமாக வாய் வழியேதான். ஆனால் முகத்துக்கும் குழம்புக்கும் ஒரே பொட்டலம்தானே!

இந்தக் கதையில் மகிழ்ச்சியான பகுதியும் உண்டு. வங்கதேச அரசு 2019ல் களத்தில் இறங்கியது. விழிப்புணர்வு, சந்தையிலேயே சோதனை, கலப்படக்காரருக்கு அபராதம் என்று நடவடிக்கை எடுத்தது. 2019ல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் இருந்த காரீயம் 2021ல் பூஜ்யமானது. இரண்டே வருடம்! ஆனால் 2024ல் வெளியான மற்றோர் ஆய்வு, பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களின் மாதிரிகளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கும் மேல் காரீயம் இருந்ததாகச் சொன்னது. வேலை இன்னும் முடியவில்லை.

வரலாறு சொல்லும் வழி

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் சருமத்துக்குத் தேவையானது மிகக் குறைவு.

- மென்மையான சோப்பு, தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும். அரிப்பும் வறட்சியும் குறையும். வயிற்று வரிகளை எந்தக் க்ரீமும் உறுதியாகத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை.
- மங்கு கூடாமல் இருக்க வெயிலைத் தவிர்ப்பதே முதல் மருந்து. குடை, முந்தானை, துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் நல்லது.
- பருவுக்கு அசெலாயிக் அமிலம் போன்ற பாதுகாப்பான மருந்துகள் உண்டு. மருத்துவரைக் கேட்டுப் பூசலாம். ரெட்டினாயிடு வகை எதுவும் வேண்டாம்.
- தயாரிப்பாளர் முகவரியும் சேர்மானப் பட்டியலும் இல்லாத க்ரீமைத் தொடவே வேண்டாம்.
- மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. கிழங்கைத் தண்ணீரில் போட்டதும் நிறம் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும்.
- உள்ளங்கை, உள்ளங்காலில், அதுவும் இரவில் அரிப்பு அதிகமானால் அது வெறும் வறட்சி இல்லாமல் இருக்கலாம். கல்லீரல் கோளாறின் அறிகுறியாக இருந்து குழந்தையைப் பாதிக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரணமல்லூரின் வளைகாப்பு வீட்டில் மஞ்சள் பூசும் கை ஆசீர்வாதம் செய்யும் கை. அந்தக் கை மாற வேண்டியதில்லை. அந்தக் கையில் இருக்கும் மஞ்சள் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே ஒன்றும் மாறலாம். மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை காரீயத்தைக் கொண்டு வந்தது. முகம் வெள்ளையாக வேண்டும் என்ற ஆசை பாதரசத்தைக் கொண்டு வந்தது. எனவே அடுத்த வளைகாப்பில் "கொழந்த செவப்பா பொறக்கணும்" என்பதற்குப் பதிலாக "கொழந்த நல்லா பொறக்கணும்" என்று யாராவது வாழ்த்தினால், இத்தனை தாய்மார்கள் கொடுத்த விலைக்கு ஓர் அர்த்தம் கிடைக்கும்.