கொள்ளைநோயும் பொறுமையும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள கிளியூர், அருவியால் பெயர் பெற்ற ஊர். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் ஏற்காட்டில் கோடை விழா நடைபெறவில்லை. கொரோனாவுக்கு அஞ்சி மலையும் சமவெளியும் ஒருங்கே அடங்கியிருந்த காலம் அது. அதனை எண்ணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது: ஆபத்தின் தொடக்கத்தில் மக்கள் காட்டும் கட்டுப்பாடு இடையில் தளர்வது ஏன்?

2020 மார்ச்சில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது கண்ணீருடன் ஏற்றுக்கொண்டோம். ரமலானில் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். செப்டம்பர் 1இல் பள்ளிகள் திறந்தபின், தோளோடு தோள் சேர்ந்து நின்ற நாம் இடைவெளிவிட்டு ஸஃப்பில் நின்றோம். 2021 பிப்ரவரியில் தமிழகத்தின் அன்றாடத் தொற்று ஏறத்தாழ 500 ஆகக் குறைந்தது, அச்சமும் குறைந்தது. முகக்கவசம் தாடைக்கு இறங்கிற்று. திருமண வீடுகளிலும் தேர்தல் கூட்டங்களிலும் நெருக்கம் மிகுந்தது. மே 21 அன்று ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்றுக் கண்டது. உருமாறிய கிருமியின் வேகம் ஒரு காரணம். நமது சோர்வு மற்றொன்று.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் வாட்டியது. அங்குச் செல்லப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே கலந்தாலோசித்தே திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என அபூ உபைதா (ரலி) வினவியபோது சினந்து அடக்கவில்லை. பசுமைச் சரிவில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட சரிவில் மேய்த்தாலும் இறைவிதிப்படியே என்று, மேய்ப்பரும் அறிந்த உவமையால் விளக்கினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர், அவ்வூரில் இருப்போர் வெளியேறாதீர் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அறிவிக்க, முடிவு உறுதிப்பட்டது.

அபூ உபைதாவும் முஆத் இப்னு ஜபலும் (ரலி) அந்நோயிலேயே மறைந்தனர். பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), இந்நோய் நெருப்பென மூண்டு பரவுவது என்று கூறி மக்களை மலைகளுக்குக் கலைந்து செல்லச் செய்தார். மறுத்துரைத்தாரும் உளர், எனினும் மக்கள் சென்றனர். நோய் தணிந்தது.

இதில் நாம் கொள்ளும் பாடம் யாது? அச்சம் சில வாரங்களே காக்கும். தொற்று குறைந்ததும் அதுவும் குறையும். கலந்தாலோசனையும், காரணம் விளங்கச் சொல்லும் சொல்லுமே மக்களை நெடுங்காலம் நிறுத்தும். முகக்கவசம் நம் உயிருக்கு மட்டுமன்று, அண்டை வீட்டு முதியவரின் உரிமைக்குமாக அணிவது என்று மிம்பர்களில் நாம் வாரந்தோறும் விளக்கியிருக்க வேண்டும். அதனை முதல் மாதத்தோடு நிறுத்திக்கொண்டோம். அடுத்த சோதனையிலேனும் அக்குறை நேராதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!