முள்ளிக்குளமும் நம் சேர்விடாப்பும்

சிகிச்சைக்கு வரும் முதிய தாய்மாரிடம் ஊரைக் கேட்டால் சிலர் இரண்டு பெயர் சொல்வார்கள். "பிறந்தது முள்ளிக்குளம், பிள்ளை. இருக்கிறது மலங்காடு." கிளினிக் கொப்பியில் ஓர் ஊருக்குத்தான் இடம். இரண்டாவதையே எழுதுவோம். முதலாவது ஊர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முசலிப் பிரிவின் கரையோரக் கிராமமான முள்ளிக்குளத்திலிருந்து 2007 செப்டம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தங்கினர். 2017 மார்ச் 23 முதல் 38 நாட்கள் அவர்கள் தொடர்ந்து போராடிய பின்னர், 100 ஏக்கர் காணி விடுவிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

காணி கேட்பவரிடம் முதலில் கேட்கப்படுவது ஆவணம். உடுத்த உடையோடு வெளியேறியவரிடம் இல்லாததும் அதுவே. ஆனால் அரசின் ஏடுகள் இடம்பெயர்வதில்லை. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் 1640 தொடக்கம் ஒல்லாந்தர் ஆவணங்களும், அதன்பின் பிரித்தானியர் காலக் கச்சேரிப் பதிவுகளும், அதிகாரிகளின் நாட்குறிப்புகளும் பேணப்படுகின்றன. முள்ளிக்குளத்துக்கு அயலிலுள்ள மறிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பில் கடமையாற்றியவர், பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். அக்காலப் பதிவுகளில் வள்ளங்களுக்கும் சிப்பிகளுக்கும் வருமானத்துக்கும் கணக்கு உண்டு. கரையில் வாழ்ந்த பெண்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையே எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கு அதில் ஒரு கூடு உண்டு. ஊரை நிறுவ அது நல்ல சான்று. பாட்டிக்கு அங்கே கூடு இல்லை.

அப்படியானால் நம் பாட்டிமாரின் ஊர் எங்கே இருக்கிறது? ஒரு பகுதி கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில். இன்னொரு பகுதி, தோழிகளே, நம் கல்லூரியின் சேர்விடாப்பில். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம், சேர்ந்த நாள் எல்லாம் அதில் உண்டு. படிக்க வந்த ஒவ்வொரு பெண் பிள்ளையும் அங்கே தன் ஊரோடு எழுதப்பட்டிருக்கிறாள். அன்று வகுப்பில் "எந்த ஊர்?" என்று கேட்கப்பட்டபோது நாம் கூச்சத்தோடு சொன்ன பதில், இன்று ஒருத்தியின் சாட்சியாகலாம்.

நூற்றாண்டு விழாவுக்கு நாம் பல பரிசுகளைப் பற்றிப் பேசுகிறோம். என் வேண்டுகோள் சிறியது. கறையான் தின்னுமுன் சேர்விடாப்புகளைப் படம்பிடித்து, ஒரு பிரதி கல்லூரியிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருக்கச் செய்வோம். அவற்றில் பிறரது சொந்த விபரங்கள் இருப்பதால், உரியவரும் குடும்பத்தாரும் கேட்கும்போது மட்டும் காட்டுவோம்.

இதற்கிடையில், எங்கிருந்தாலும் உங்கள் அம்மாவிடம் பாட்டியின் முழுப்பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். திகதியும் போடுங்கள். அரசு விட்ட கூட்டை நாமே நிரப்பலாம்.